எல்லாம் ஓகே என்று எழுதிய கை

1

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். முதியோர் இல்லத்தின் மேலாளர் ஃபியோனா. மூத்த நர்ஸ் ஜின்சி, கோட்டயத்துப் பெண். சென்னையில் படித்ததால் தமிழ் வரும். மார்ட்டின் என்கிற பெரியவரின் மகள் கேத்தரின். கதவை ஒட்டிய நாற்காலியில் நான். மார்ட்டின் அங்கே இல்லை. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு அவரைப் பற்றித்தான்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் இது ஒரு சின்ன ஊர். பெயர் சொன்னால் டப்ளினில் இருக்கிற நம்மாட்களே "அது எங்க இருக்கு?" என்பார்கள். என் மனைவி ராணி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். முதலில் இதே இல்லத்தில் துணி துவைக்கிற பிரிவில் போட்டார்கள். பிறகு பயிற்சி கொடுத்து, பெரியவர்களுக்கு ஊட்டி, குளிக்க வைத்து, நடத்திக் கூட்டிப்போகிற வேலைக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் சோதனைக் காலம். முடிவில் நிரந்தரம், இல்லாவிட்டால் ஆள் வேண்டாம். துணி துவைக்கிற இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஆக, பின்னால் திரும்பக் கதவு கிடையாது. இந்த ஒரு கவலையை மட்டும் நான் ஆறு மாதமும் மூன்று வேளை சாப்பிட்டேன்.

ஃபியோனா டேப்லெட்டை என் பக்கம் திருப்பினார். மார்ட்டின் பெயருக்குக் கீழே நான் எழுதிய தினக் குறிப்புகள். காலைச் சாப்பாடு ஓகே. நடை ஓகே. தூக்கம் ஓகே. மனநிலை ஓகே. விரலால் தள்ளத் தள்ள, வாரக்கணக்கில் அதே நான்கு ஓகே.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பழகிய இடம். "இதப் படிச்சா அவர் எப்படி இருந்தாருன்னு எனக்குத் தெரியலயே, அருள்" என்றார்.

கேத்தரின் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "எங்க அப்பா எப்படிச் சாப்பிட்டார்? அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார்.

எப்படிச் சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாதா? கரண்டியை வாய்க்கிட்டே கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டு ஜன்னலையே வெறித்துப் பார்ப்பார். ஓட்ஸ் கஞ்சியைக்கூட கல்லை மெல்லுகிற மாதிரி நிதானமாக மெல்லுவார். தேநீரை மடக்கென்று குடித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, லேசாக இருமுவார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். இதெல்லாம் தமிழில் எனக்குள் வரிசை கட்டி நின்றது. வாயில் வந்தது "குட் ஈட்டிங், மேடம்".

ஜின்சி என் முழங்கையைத் தொட்டார். "அண்ணா, தமிழ்ல பறயுங்க. ஞான் சொல்லிக்கொடுக்காம்."

நான் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டே வந்தார். இருமலைப் பற்றிச் சொன்னதும் ஃபியோனா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விழுங்குவது சரியில்லாமல் போய், குடிப்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது. வந்த சளி உன்னால் வந்ததில்லை, ஆனால் இதை முன்பே பிடித்திருக்கலாம் என்றார்கள். கேத்தரின் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தெரிஞ்ச ஆள், ஏன் எழுதல?" என்று ஃபியோனா கேட்டார்.

சோதனைக் காலத்தை இன்னும் ஒரு மாதம் நீட்டினார்கள். அதற்குள் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும்.

2

ஏன் எழுதவில்லை? அதற்குப் பதில் சென்னைக்குப் பக்கத்தில், கார் கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்தில் இருக்கிறது.

நான் பென்னலூர்க்காரன். ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில், காருக்குப் பக்கக் கண்ணாடி செய்கிற கம்பெனியில் ஒன்பது வருடம் லைனில் நின்றேன். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும்போது ஏரி மேல் பனி கிடக்கும். சாலை ஓரத்தில் புதுக் கார்களை முதுகில் அடுக்கிய டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்கும். அடியில் வடநாட்டு டிரைவர்கள் ஸ்டவ் பற்றவைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பார்கள். கோதுமை மாவு சுடுகிற அந்த வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்ததுதான் எனக்குக் காலை. இங்கே காலை என்பது ஈரப் புல் வாசனை. நல்ல வாசனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பசிக்க வைக்காது.

லைனில் எங்கள் பேச்சு முழுக்க 'எப்படி' என்பதுதான். "மெல்ல வைடா." "லைட்டா சாய்ச்சுப் புடி." "டக்குனு கைய எடு." கண்ணாடி கிளிப்பில் உட்காரும்போது டப்பென்று சத்தம் வர வேண்டும். டொப்பென்று வந்தால் உள்ளே ஒரு பல் உட்காரவில்லை என்று அர்த்தம். தென்காசிப் பக்கத்துப் பையன்கள், அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள், வந்த ஒரே வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு டப்புக்கும் டொப்புக்கும் வித்தியாசம் சொல்வார்கள்.

ஆனால் காகிதத்தில் இது எதுவும் ஏறாது. மணிக்கு ஒரு தடவை செக் ஷீட் நிரப்ப வேண்டும். ஃபிட்டிங் ஓகே. கண்ணாடி ஓகே. வயர் ஓகே. ஓரத்தில் 'ரிமார்க்ஸ்' என்று, குறை ஏதும் கண்டால் எழுத ஒரு கட்டம் இருக்கும். அது எப்போதும் காலியாகவே இருக்கும்.

இசக்கி என்று ஒரு பையன் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்திருந்தான். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு நாள் அந்தக் கட்டத்தில், 'கண்ணாடி சில சமயம் லேசாக ஆடுகிறது' என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டான். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து பார்வையிட வந்தவர் கண்ணில் அது பட்டது. லைன் நின்றது. எந்த ஷிப்ட், லைனில் எந்த ஸ்டேஷன், யார், ஏன், அந்த ஏனுக்கு ஏன் என்று விசாரணை நடந்தது. சூப்பர்வைசர் தனசேகர் அண்ணன் அவனை டூல் ரேக் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னாபா இது, ரிமார்க்ஸ்ல கதை எழுதிகினு கீற?"

"ஆடுதுல்லா அண்ணே. அதான் எழுதுனேன்."

"ஆடுச்சின்னா டைட் பண்ணு. பண்ணிட்டு ஓகே போடு. லேசா ஆடுதாம், சில சமயம் ஆடுதாம். ஏன், கண்ணாடிக்கு ஜாதகமா எழுதுற?"

எல்லோரும் சிரித்தோம். இசக்கியும் சிரித்தான். அடுத்த வாரம், அவனை வேலைக்கு வைத்த காண்டிராக்டர் அவன் கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். தனசேகர் அண்ணன் கெட்ட மனிதர் இல்லை. அவனுக்காகக் காண்டிராக்டரிடம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. அன்று டீக்கடையில் பன்னைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "வேலை செஞ்சவன் மாட்ட மாட்டான்டா. எழுதுனவன்தான் மாட்டுவான்."

ஃபியோனாவிடம் இதை எப்படிச் சொல்வேன்?

3

ராணியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓகேன்னு எழுதுனியா? மூணு வாரமா?"

"ஆமா."

"நீ இன்னா ஆளுங்களப் பாத்துக்கினியா, பம்பர் மாட்டிக்கினு இருந்தியா?"

"கண்ணாடி."

"ரொம்ப முக்கியம்."

சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். நர்ஸ்கள் எழுதுகிற குறிப்பில் செயல் மட்டும் இருந்தால் பாதிதானாம். எப்படி, எப்போது, எவ்வளவு, எத்தனை தடவைக்கு ஒரு தடவை என்று நான்கு கேள்வியைச் செயலிடம் கேட்க வேண்டும். கிடைக்கிற பதில்தான் ஆங்கிலத்தில் அட்வெர்ப். "நம்ம ஸ்கூல்ல வினையடைன்னு சொன்னாங்களே, அதான்" என்றாள். எனக்கு வினையும் ஞாபகமில்லை, அடையும் ஞாபகமில்லை.

எங்கள் மகள் எஸ்தருக்குப் பதினொரு வயது. நான்கு வயதில் இங்கே வந்தவள். ஒரகடத்தை 'ஓராகேடம்' என்பாள். கேட்டால் ஏதோ ஐரிஷ் கோட்டையின் பெயர் மாதிரி இருக்கும். அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். நான் 'ஹி வாக் ஸ்லோ' என்று எழுதியிருந்தேன்.

"அப்பா, ஸ்லோலி. எல். ஒய். போடணும்."

"அப்ப ஃபாஸ்ட்டுக்கு ஃபாஸ்ட்லியா?"

"நோ. ஃபாஸ்ட் சும்மா ஃபாஸ்ட்தான்."

"குட்டுக்கு குட்லியா?"

"வெல்."

"இதுல எங்க வந்துச்சு வெல்லு?"

"தெரியல. அது அப்படித்தான்."

ராணி நடுவில் வந்து, "ஹார்ட்லின்னு மட்டும் எங்கியும் எழுதித் தொலைக்காத. கஷ்டப்பட்டு நடந்தார்னு நெனச்சு எழுதுவ, நடக்கவே இல்லைன்னு ஆயிடும்" என்றாள். இந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே, அவர் திரும்பி வந்தால் எப்படி எழுதுவது என்று யோசித்தபடி நான் இரண்டு நாள் மார்ட்டினின் காலி நாற்காலியைச் சுற்றி நடந்தேன்.

எனக்குப் புரிந்தது ஒன்று. தமிழில் 'எப்படி' முன்னால் வந்து நிற்கும். செயல் பின்னால் வரும். மெதுவாக நடந்தார். தலையைக் குனிந்தபடி நடந்தார். ஆங்கிலத்தில் ஆள் முதலில் நடந்துவிடுகிறார். எப்படி நடந்தார் என்பது அவருக்குப் பின்னால் மூச்சு வாங்க வருகிறது. 'எப்போதும்', 'சில சமயம்' போன்ற சொற்கள் மட்டும் நடுவில் நுழைந்துகொள்ளும், கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது ஆளாக உட்காருகிறவன் மாதிரி.

அந்த வாரம்தான் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கிற நேரம். இணையத்தில் தேதி வாங்குவதற்கே கண் பூத்துப்போகும். கிடைத்த பிறகு, போகிற வழியில் பஸ் கெட்டுவிடுமோ என்று ஒரு பஸ் முன்னாடியே போவேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி வேகமாக ஏதோ கேட்டார். கடைசியில் ஒரு 'லி' மட்டும் காதில் விழுந்தது. இங்கே தற்காலிகமாக வசிக்கிறீர்களா, நிரந்தரமாகவா என்று கேட்டிருக்கிறார். நான் எனக்கு நன்றாகத் தெரிந்த லி-யைச் சொன்னேன். "ஸ்லோலி."

அவர் தாள்களிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார். "நாங்களும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினார்.

வீட்டில் இதைச் சொல்லி ராணி சிரித்தாள். எஸ்தர் சிரிக்கவில்லை. வெட்கப்பட்டாள் என்று நினைக்கிறேன். "ஸ்கூல் எப்படிம்மா போச்சு?" என்று கேட்டேன். "ஃபைன்" என்றாள். தினமும் அதே ஃபைன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. படாரென்று சாத்தியிருந்தால் என்னவென்று கேட்டிருப்பேன்.

4

மார்ட்டின் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். இளைத்திருந்தார். இனி தேநீர், தண்ணீர் எல்லாவற்றிலும் ஒரு பொடியைக் கலந்து, கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். நீராக இருந்தால் நெஞ்சுக்குள் போய்விடும். டப்பாவிலேயே கரண்டி இருந்தது. கலக்குகிற வேலை என்னுடையது.

"தேநீரா, சுவர் பூசுற சாந்தா?" என்று அவர் கேட்பார். அந்தக் காலத்தில் கொத்தனாராக இருந்தவர்.

முதல் நாள் நான் எழுதிய குறிப்பைப் படித்து ஜின்சி வாயைப் பொத்திக்கொண்டார். மார்ட்டின் மெதுவாக, கோபமாக, அமைதியாக, முழுவதுமாக, சோகமாகத் தேநீர் குடித்தார் என்று எழுதியிருந்தேன். கற்றுக்கொண்ட லி எல்லாவற்றையும் ஒரே கோப்பையில் கொட்டிவிட்டேன்.

"எந்தா அண்ணா, இது நாவலா? ஒரு வார்த்தை மதி, போதும். ஆனா கண்ணால பாத்ததா இருக்கணும்."

அடுத்த நாள் எல்லாவற்றுக்கும் 'வெல்' என்று எழுதினேன். வெல் சாப்பிட்டார், வெல் தூங்கினார். அதைப் பார்த்துவிட்டு எஸ்தர் சொன்னாள், "இது ஓகேக்கு இன்னொரு பேருப்பா." பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். பதினொரு வயதில் எனக்கு இவ்வளவு தெரியாது. இப்போதும் அவள் சொல்லித்தான் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை தனசேகர் அண்ணனுக்குப் போன் செய்தேன். அங்கே மதியம். பின்னால் ஃபோர்க்லிப்ட் பின்னோக்கிப் போகிற பீப் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

"இன்னாடா வெளிநாடு, சத்தமே காணோம்?"

"ஒண்ணுமில்லண்ணே. ஞாயித்துக்கிழமைகூட ஓவர்டைமா?"

"பின்ன, வூட்ல குந்திகினு இன்னா பண்றது? நீ இன்னா பண்ற?"

"இங்க ரிமார்க்ஸ்தான் வேலையே. தினம் எழுதச் சொல்றாங்க."

"இங்க அந்தக் கட்டத்தையே தூக்கிட்டானுங்கடா. எல்லாம் டேப்லெட்ல வந்துடுச்சு. ஓகே, நாட் ஓகே. ரெண்டே பட்டன்." பிறகு, "பாத்து எழுது. அங்க காண்டிராக்டரு உண்டா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். "அப்பவும் பாத்தே எழுது" என்றார்.

5

நீட்டித்த மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை ஃபியோனாவுடன் பேச்சு. என்னை வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று அன்று சொல்வார்கள். புதன்கிழமை காலை மார்ட்டினுக்குத் தேநீர் கலந்தேன். பொடி புது டப்பா. எப்போதும் போடுகிற மாதிரி அளந்துதான் போட்டேன். கலக்கும்போது கை ஏதோ வித்தியாசமாக உணர்ந்தது. கரண்டி சுலபமாகச் சுற்றியது. மனசு எதையாவது நினைத்துக்கொள்ளும், விடு என்று கொடுத்துவிட்டேன்.

அவர் குடித்தார். கொஞ்சம் பொறுத்து இருமினார். கோப்பையை வாங்கி வைத்தேன். நிமிர்த்தி உட்கார வைத்தேன். இன்னொரு தடவை இருமினார், பலமில்லாமல். கண்ணில் தண்ணீர் கோத்தது. அப்புறம் சரியாகிவிட்டது. முகம் நன்றாகத்தான் இருந்தது. பந்தயக் குதிரைகளைப் பற்றி ஏதோ சொன்னார்.

நடைக்கூடத்தில் டேப்லெட்டுடன் நின்றேன். யாரும் பார்க்கவில்லை. இருமல் நின்றுவிட்டது. ஓகே என்று ஒரு சொல் போட்டால் வெள்ளிக்கிழமை நல்லபடி முடியும். இருமினார் என்று எழுதினால் முதல் கேள்வி, தேநீர் சரியான பதத்தில் இருந்ததா? இரண்டாவது கேள்வி, யார் கலந்தது? நான்தான். வீட்டு வாடகை, ராணி ஒருத்தி சம்பளம், எஸ்தரின் பள்ளி, ஊரில் அம்மாவுக்கு மாத்திரை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்றன. மாட்டிய பிறகு டூல் ரேக் பக்கம் கூட்டிப்போக இங்கே தனசேகர் அண்ணன்கூட இல்லை.

கை ஓகேக்குப் போனது. 'ஓ' விழுந்துவிட்டது.

உள்ளே மார்ட்டின் தொண்டையைச் செருமினார். லேசாகத்தான். டொப்பென்று உட்கார்ந்த கிளிப்பை அடுத்த ஸ்டேஷனுக்குத் தள்ளிவிட எனக்கு ஒருநாளும் கை வந்ததில்லை. எழுதத்தான் பயம், தள்ளிவிட்டது கிடையாது. இங்கே தள்ளிவிடாமல் இருக்க எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை.

'ஓ'வை அழித்தேன். நேரம் பிடித்தது, எழுத்துக்கூட்டி எழுதினேன். மெதுவாகக் குடித்தார். பிறகு இரண்டு தடவை பலமில்லாமல் இருமினார். தேநீர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீர்த்திருந்தது. கலந்தது நான். பட்டனை அழுத்திவிட்டு நேராக ஜின்சியிடம் போய் வாயாலும் சொன்னேன். எழுதியதை அவர்கள் பார்க்க நேரமாகிவிட்டால் என்ன செய்வது?

6

ஜின்சி ஓடிப்போய் மார்ட்டினின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். சுத்தமாக இருந்தது. பிறகு டப்பாவை எடுத்துப் பார்த்தார். புது டப்பா வேறு கம்பெனி, கரண்டி சின்னது. ஒன்று போடுகிற இடத்தில் இரண்டு போட வேண்டும் என்று பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அடுத்த ஷிப்டு வருவதற்குள் எல்லா மாடியிலும் அட்டை எழுதி ஒட்டிவிட்டார்கள்.

நான் காத்திருந்தேன். அந்த நாள் முழுக்க, மறுநாள் முழுக்க. யார் கலந்தது என்று யாராவது வந்து கேட்பார்கள். அதுதான் குறிப்பிலேயே இருக்கிறதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், மனசு அடங்கவில்லை. யாரும் வரவில்லை. சமையலறைப் பெண் மட்டும் வந்து, "அந்த டப்பா மாத்தணும்னு ஆர்டர் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்பது வருடப் பழக்கம் இப்படி ஒரு புதன்கிழமையில் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். இன்றும் இருமல் என்று எழுதும்போது விரல் ஒரு நொடி நிற்கிறது. ஒரகடம் என் வாய்க்கு எல்லா 'எப்படி'யையும் கொடுத்தது. கைக்கு ஒன்றையும் கொடுக்கவில்லை. ஆனாலும் டீக்கடை பெஞ்சையும் பஸ் ஜன்னலையும் நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, ஏக்கம்தான் வருகிறது. இசக்கி எங்கே இருக்கிறானோ, யாருக்கும் தெரியவில்லை. கேட்டுப் பார்த்தேன். மறைமலை நகர் பக்கம் பார்த்ததாக ஒருவன் சொன்னான். ஊருக்கே போய்விட்டான் என்று இன்னொருவன் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஃபியோனா என்னை உட்காரச் சொன்னார். டேப்லெட்டைத் திறக்கவே இல்லை. ஒரு தாளை நகர்த்தினார். பராமரிப்புச் சான்றிதழ் படிப்பு, எழுத்துப் பாடமும் சேர்த்து ஒரு வருடம். நிரந்தர ஊழியர்கள் எல்லோரும் முடிக்க வேண்டியது. நிரந்தர என்ற சொல் காதில் விழுந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை படித்தேன். கட்டணத்தை மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம், ஒரு வருடத்துக்கு.

அங்கேதான் எனக்கு மூச்சு வந்தது. அனுப்பிவிடப்போகிற ஆளுக்கு யாரும் ஒரு வருடத் தவணை போட மாட்டார்கள்.

கடன் என்றால் கண் மூடாத ஆள் நான். இந்தக் கடனை மட்டும் ராணியிடம், எஸ்தரிடம், தனசேகர் அண்ணனிடம் எல்லாம் நானாகவே போய்ச் சொன்னேன். மொத்தம் அறுநூறு யூரோ. முதல் மாதத் தவணை ஐம்பதைப் பிடித்துவிட்டார்கள். இன்னும் நான் கட்ட வேண்டியது ஐந்நூற்று ஐம்பது.